பேனாவை ‘லெண்ட்’ பண்ணலாமா, ‘பாரோ’ பண்ணலாமா?

என்ன குட்டீஸ், பரீட்சை நேரத்தில் பேனாவில் மை தீர்ந்து போய், பக்கத்து பெஞ்ச் ஃபிரண்டிடம் கை நீட்டிய அனுபவம் இருக்கிறதா? இல்லாமல் இருக்குமா! அப்படிக் கை நீட்டப் போய் நான் பட்ட பாட்டை முதலில் சொல்லி விடுகிறேன்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கு ஆய்வுக்காக ஓர் அதிகாரி வந்திருந்தார். வகுப்பே மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தது. கரும்பலகையில் ஐந்து ஆங்கில வாக்கியங்களை எழுதி, ‘‘எல்லாரும் நோட்டில் எழுதுங்க’’ என்றார். இரண்டாவது வரியிலேயே என் பேனா மக்கர் செய்தது. நான் முதல் பெஞ்ச். அவர் சட்டைப் பையில் பளபளவென்று இரண்டு பேனாக்கள். நமக்குத் தெரிந்த இங்கிலீஷைக் காட்ட இதை விட்டால் வேறு சமயம் ஏது? எழுந்து நின்றேன்.

‘‘சார், கேன் ஐ லெண்ட் யுவர் பென்?’’

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். ‘‘தாராளமா! ஆனா, என் பேனாவை நீ யாருக்கு இரவல் கொடுக்கப் போறே?’’ என்றார். 

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பாதிப் பேருக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியாது. அதிகாரி சிரித்தார், அவர்களும் சிரித்தார்கள். அவர் பேனாவைக் கொடுத்து விட்டார் என்பது வேறு விஷயம். ஆனால், அன்று உட்கார்ந்தவன்தான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் வகுப்பில் ஆங்கிலம் பேச நான் வாயே திறக்கவில்லை. விடை தெரிந்தாலும் கை தூக்க மாட்டேன். மதிப்பெண் நன்றாகத்தான் வந்தது. வாய் மட்டும் பூட்டிக் கொண்டது.

அந்தப் பூட்டைத் திறந்தவர் யார் தெரியுமா? இங்கிலீஷ் சார் இல்லை. ஒன்பதாம் வகுப்புத் தமிழ் ஐயா! எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பேனாவின் கணக்கைத் தீர்த்து விடுவோம்.

யார் வாங்கினார், யார் கொடுத்தார்?

‘பாரோ’ என்றால் இரவல் வாங்குவது. ‘லெண்ட்’ என்றால் இரவல் கொடுப்பது. நான் கேட்டிருக்க வேண்டியது, ‘‘கேன் ஐ பாரோ யுவர் பென்?’’ அல்லது, ‘‘வில் யூ லெண்ட் மீ யுவர் பென்?’’ ‘ஐ’ என்று தொடங்கினால் பாரோ, ‘யூ’ என்று தொடங்கினால் லெண்ட். வாங்குகிறவன் நான்தானே?

மனதில் நிற்க ஒரு வழி சொல்கிறேன். 42லிருந்து 17ஐக் கழியுங்கள். 2லிருந்து 7 போகாது. அதனால் என்ன செய்வீர்கள்? பக்கத்தில் இருக்கும் 4இடம் போய் ஒரு பத்தைக் கடன் வாங்குவீர்கள். இதற்குக் கணக்கு டீச்சர் என்ன பெயர் சொல்வார்? பாரோயிங்! 2 பாரோ செய்கிறது. பாவம், 4 லெண்ட் செய்து விட்டு 3 ஆகி நிற்கிறது. இனி சந்தேகம் வந்தால், நான் கையேந்தி நிற்கும் 2ஆ, கொடுத்து விட்டு இளைத்துப் போன 4ஆ என்று கேட்டுக் கொள்ளுங்கள். (என்ன, அந்த 4க்குக் கடன் திரும்பி வருவதே இல்லை!)

இதில் குழம்புவது நாம் மட்டும்தான் என்று நினைத்து விடாதீர்கள். ஜெர்மன் மொழியில் ‘போர்கன்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. இரவல் வாங்குவதற்கும் அதுதான், கொடுப்பதற்கும் அதுதான்! நம் பாரோவுக்கு அது உறவுக்காரச் சொல். அதனால், ஆங்கிலம் கற்கும் ஜெர்மன் பிள்ளைகளும் இந்த இடத்தில் நம்மைப் போலவே தலையைச் சொறிவார்கள்.

தமிழ் ஐயா வைத்த சோதனை

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் ஐயா தன்வினை, பிறவினை நடத்திக் கொண்டிருந்தார். ‘அவன் திருந்தினான்’ – தானே செய்தது, தன்வினை. ‘ஆசிரியர் அவனைத் திருத்தினார்’ – இன்னொருவரைச் செய்ய வைத்தது, பிறவினை. ‘பந்து உருண்டது, பந்தை உருட்டினான்.’ ‘கொடி உயர்ந்தது, கொடியை உயர்த்தினார்.’ வழக்கமான பாடம்தான். திடீரென்று ஐயா நிறுத்தி, ‘‘ஏன்டா, இங்கிலீஷ்ல ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’னு ரெண்டு இருக்கே, அது என்ன?’’ என்றார்.

யாரும் பேசவில்லை. ஐயாவே சொன்னார்: ‘‘ரைஸ்னா உயர், ரெய்ஸ்னா உயர்த்து. அவ்வளவுதான்! இதுக்குப் போய் ஏன் பயப்படறீங்க?’’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருடமாக மனப்பாடம் செய்தும் மண்டையில் ஏறாத விஷயம், ஒரு நிமிடத்தில் விளங்கி விட்டது! சூரியன் உதிக்கிறது – ரைஸ். புகை எழும்புகிறது – ரைஸ். கொடியை ஏற்றுகிறோம் – ரெய்ஸ். கையைத் தூக்குகிறோம் – ரெய்ஸ்.

ஐயா ஒரு சோதனையும் சொல்லிக் கொடுத்தார். வினைச்சொல்லைப் பார்த்து, ‘எதை?’ என்று கேள். விடை வந்தால் ரெய்ஸ், வராவிட்டால் ரைஸ். ‘எதை உயர்த்தினார்?’ – கொடியை. விடை வந்து விட்டது. ‘சூரியன் எதை உதித்தது?’ – கேள்வியே சிரிப்பாக இல்லை?

வீட்டுக்கு வரும் செய்தித்தாளிலும் இதைச் சோதித்துப் பாருங்கள். ‘பஸ் கட்டணம் உயர்ந்தது’ என்று ஒரு தலைப்பு. ‘பஸ் கட்டணத்தை உயர்த்தினார்கள்’ என்று இன்னொரு தலைப்பு. முதல் தலைப்பைப் படித்தால், கட்டணம் தானாகவே மாடிப்படி ஏறிப் போனது போல இருக்கும். யார் ஏற்றினார் என்பது இரண்டாவதில்தான் தெரியும். ரைஸ், ரெய்ஸ் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓர் எழுத்து வித்தியாசம் மட்டும் இல்லை, ஓர் ஆள் வித்தியாசம்!

ஆங்கிலேயரையே குழப்பும் ஜோடி

இப்போது கொஞ்சம் கடினமான இடத்துக்கு வருகிறோம். நிமிர்ந்து உட்காருங்கள்.

‘லை’ என்றால் கிட, படுத்துக் கொள். ‘லே’ என்றால் கிடத்து, வை, இடு. கிட – கிடத்து. மறுபடியும் அதே தன்வினை, பிறவினைதான். நாய் திண்ணையில் படுத்துக் கிடக்கிறது – லை. அம்மா குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறாள் – லே. கொத்தனார் செங்கல் வைக்கிறார் – லே. கோழி முட்டையிடுகிறது – இதுவும் லே. ‘எதை இடுகிறது?’ முட்டையை! ஐயாவின் சோதனை இங்கும் பலிக்கிறது, பார்த்தீர்களா?

இதுவரை சுலபம். வில்லங்கம் இறந்த காலத்தில்தான் இருக்கிறது. கிடத்துகிற லே, நேற்று என்று வந்தால் ‘லெய்ட்’ ஆகும். உங்கள் ஊரில் பழைய கட்டடங்களின் வாசலில் அடிக்கல் நாட்டிய கல்வெட்டு இருந்தால் படித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘ஃபவுண்டேஷன் ஸ்டோன் லெய்ட் பை’ என்று போட்டு ஒரு பெயர் இருக்கும். அந்த லெய்ட் இதுதான்.

சரி, படுத்துக் கொள்கிற லை, நேற்று என்று வந்தால் என்ன ஆகும்? ‘லே’ ஆகும்! ஆமாம், அதே லே! ‘எவ்ரி டே தி டாக் லைஸ் ஹியர், எஸ்டர்டே தி டாக் லே ஹியர்.’ ஒன்றின் நேற்று, இன்னொன்றின் இன்றாக இருக்கிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிறந்து வளர்ந்தவர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள். நாயைப் படுக்கச் சொல்லும்போது ‘லை டவுன்’ என்பதற்குப் பதிலாக ‘லே டவுன்’ என்று சொல்கிறவர்கள் அங்கே நிறையப் பேர். நாய் எதையும் கண்டுகொள்ளாமல் படுத்து விடுகிறது, அது வேறு!

ஆகவே இந்த ஒரு வரியை மட்டும் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்து விடுங்கள். படுப்பதற்கு: லை – லே – லெய்ன். கிடத்துவதற்கு: லே – லெய்ட் – லெய்ட்.

பொய் சொல்வதும் லைதானே என்று ஒரு சுட்டி கேட்பது காதில் விழுகிறது. ஆமாம். ஆனால், அது வேறு குடும்பம். எழுத்தில் எல், ஐ, ஈ என்று படுத்துக் கொள்கிற லை மாதிரியே இருக்கும். இறந்த காலத்தில் மட்டும் ‘லைட்’ என்று ஆகி விடும். ‘ஹீ ஈஸ் லையிங்’ என்றால் அவன் படுத்திருக்கிறான் என்றும் பொருள், பொய் சொல்கிறான் என்றும் பொருள். பரீட்சை நாளன்று காலையில், ‘‘வயிறு வலிக்குதும்மா’’ என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தால், இரண்டு பொருளும் பொருந்தி விடும்!

மரத்தை வெட்டிய ‘ஃபெல்’

ஏன் இப்படி ஒரு குழப்பம் வந்தது? நம் தமிழில் தன்வினையைப் பிறவினை ஆக்க ஒரு வழி, நடுவில் இருக்கும் மெல்லின எழுத்தை வல்லினமாக்குவது: திருந்து – திருத்து, வருந்து – வருத்து, அடங்கு – அடக்கு. ஆங்கிலத்தின் மூதாதை மொழியிலும் ஒரு வழி இருந்தது. வினைச்சொல்லின் பின்னால் ‘ய’ போன்ற ஓர் ஒலியைச் சேர்ப்பார்கள். அந்த ஒலி முன்னால் இருக்கும் உயிர் ஒலியையும் கொஞ்சம் வளைத்து விடும். காலப் போக்கில் ‘ய’ தேய்ந்து காணாமல் போய், வளைந்த உயிர் ஒலி மட்டும் மிச்சமானது. வந்து போன விருந்தாளி, சுவரில் கைத்தடம் பதித்து விட்டுப் போன மாதிரி!

சிட் (உட்கார்) – செட் (வை) அப்படி வந்த ஜோடிதான். ட்ரிங்க் (குடி) – ட்ரெஞ்ச் (நனைய வை) இன்னொரு ஜோடி. ஃபால் (விழு) – ஃபெல் (வீழ்த்து) மற்றொன்று. இந்தக் கடைசி ஜோடி லை–லே மாதிரியே வில்லங்கமானது. ‘தி ட்ரீ ஃபெல்’ என்றால் மரம் விழுந்தது, புயலில் விழுந்திருக்கலாம். ‘ஹீ ஃபெல்டு தி ட்ரீ’ என்றால் அவன் கோடாரியால் வெட்டிச் சாய்த்தான். வனத்துறையிடம் மாட்டுவது இரண்டாவது ஆள்தான்.

ரெய்ஸின் கதை இன்னும் சுவாரசியம். அது இங்கிலாந்துச் சொல்லே இல்லை. வைக்கிங் கடலோடிகளைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 793ல் லிண்டிஸ்பார்ன் தீவில் இருந்த மடத்தைத் தாக்கியவர்கள். கொள்ளையடிக்க வந்தவர்களில் பலர் பிறகு அங்கேயே குடியேறி விட்டார்கள். அவர்களுடைய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்ததுதான் ரெய்ஸ். ரைஸுக்கு ஏற்கெனவே சொந்தமாக இருந்த பிறவினை ‘ரியர்’. அதையும் ஆங்கிலேயர் தூக்கி எறியவில்லை. கோழி வளர்ப்பது, பிள்ளை வளர்ப்பது என்று அதற்குத் தனி வேலை கொடுத்து விட்டார்கள்.

தொல்காப்பியம் சொல்லும் ‘பிரிங்’

‘அந்தப் புத்தகத்தை எடுத்துட்டு வா’ என்பதை நம்மில் பலர், ‘டேக் தட் புக் அண்ட் கம்’ என்கிறோம். ‘எடு’வுக்கு டேக், ‘வா’வுக்கு கம், கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது? ஆனால், ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல் போதும்: பிரிங். கொண்டு வா என்றால் பிரிங். கொண்டு போ என்றால் டேக்.

எப்போது ‘வா’, எப்போது ‘போ’ என்பதைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கண நூலான தொல்காப்பியமே பேசுகிறது. அதன் சொல்லதிகாரத்தில், முதல் இயலிலேயே அந்த விதி இருக்கிறது. வருவதும் தருவதும் என்னை நோக்கியும் உன்னை நோக்கியும் நடப்பவை. செல்வதும் கொடுப்பதும் மூன்றாவது ஆளை நோக்கி நடப்பவை. ‘எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான்; அவனுக்குக் கொடுத்தான். என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான், அவனிடம் சென்றான்.’

கம், கோ, பிரிங், டேக் நான்கையும் இந்த அச்சில் அப்படியே வார்த்து விடலாம். போனில் தோழியிடம், ‘‘உன் வீட்டுக்கு வரும்போது கேரம் போர்டு கொண்டு வரேன்’’ என்கிறீர்கள். உன்னை நோக்கி வருவது, ஆகவே கம், பிரிங். அம்மாவிடம், ‘‘அவ வீட்டுக்குப் போறேன், கேரம் போர்டைக் கொண்டு போறேன்’’ என்கிறீர்கள். மூன்றாவது ஆள், ஆகவே கோ, டேக். போகிற வீடு ஒன்றுதான், கேரம் போர்டும் ஒன்றுதான். யாரிடம் பேசுகிறோம் என்பதால் சொல் மாறுகிறது.

ஒரு ‘கேள்’, மூன்று வேலை

இதுவரை தமிழ் நமக்குக் கை கொடுத்தது. சில இடங்களில் தமிழே காலை வாரியும் விடும். ‘கேள்’ என்ற சொல்லைப் பாருங்கள். சத்தம் கேட்டது, பாட்டுக் கேட்டான், சந்தேகம் கேட்டான் – மூன்றுக்கும் ஒரே கேள். ஆங்கிலத்தில் ஹியர், லிசன், ஆஸ்க் என்று மூன்று தனித்தனி ஆட்கள். ஆஸ்க்கை விட்டு விடுங்கள், அது கேள்வி கேட்பது, யாரும் குழம்புவதில்லை. ஹியரும் லிசனும்தான் சண்டைக்கு வரும்.

இங்கே நம் பேச்சு வழக்கையே எடுத்துக் கொள்ளலாம். ‘காதில் விழுந்தது’ – ஹியர். ‘காது கொடுத்துக் கேட்டேன்’ – லிசன். இடிச் சத்தம் தானாக வந்து காதில் விழுகிறது. பாடம் நடத்தும்போது நாமாகக் காது கொடுக்க வேண்டும். டீச்சர், ‘‘ஐ ஸ்போக், பட் யூ டிட் நாட் லிசன்’’ என்று சொன்னால், உனக்குச் செவிடா என்று கேட்கவில்லை. உன் கவனம் எங்கே என்றுதான் கேட்கிறார். யார் பேச்சை, எந்தப் பாட்டை என்று சொல்லும்போது லிசனுக்குப் பின்னால் ஒரு ‘டு’ வர வேண்டும்: லிசன் டு மீ.

பார் என்பதும் இதே மாதிரிதான். கண்ணில் பட்டால் சீ. கண்ணைத் திருப்பிப் பார்த்தால் லுக். நடப்பதைத் தொடர்ந்து கவனித்தால் வாட்ச். கிரிக்கெட் மேட்ச்சை டி.வி.யில் வாட்ச் பண்ணுகிறோம். கரண்ட் போனால், ரேடியோ வர்ணனையை லிசன் பண்ணுகிறோம். சினிமாவுக்கு மட்டும் சீ, வாட்ச் இரண்டுமே பழக்கத்தில் இருக்கின்றன. எதற்கும் ஒரு விதிவிலக்கு இருக்க வேண்டாமா?

இன்னும் சில சில்லறைக் குழப்பங்கள். சே, டெல் இரண்டும் ‘சொல்’தான், யாரிடம் என்பது உடனே பின்னால் வந்தால் டெல். ‘டெல் மீ’ சரி, ‘சே மீ’ தப்பு. வீட்டுப்பாடம் செய்தால் டூ, கொழுக்கட்டை செய்தால் மேக். தப்பு செய்தாலும் மேக்தான். ‘நான் ஏழாவது படிக்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம் ரீடிங் செவன்த் ஸ்டாண்டர்டு’ என்று சொல்லாதீர்கள். ரீடு என்பது புத்தகத்தைக் கையில் வைத்து வாசிப்பது. வகுப்பில் படிப்பது ஸ்டடி. தொலைப்பது லூஸ், அதற்கு எழுத்தில் ஓர் ‘ஓ’தான். தொளதொளவென்று இருக்கும் சட்டைக்கும் லூஸ்தான், அதற்கு இரண்டு ‘ஓ’. ஓர் ‘ஓ’வைத் தொலைத்து விட்டது தொலைக்கிற லூஸ்!

அன்று தமிழ் வகுப்பு முடிந்த அடுத்த பீரியட் இங்கிலீஷ். என் பேனாவில் மை இருந்தது. இருந்தாலும் எழுந்து நின்று, ‘‘சார், கேன் ஐ பாரோ யுவர் பென்?’’ என்று கேட்டேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு என் குரலைக் கேட்ட சார், ஒன்றும் பேசாமல் பேனாவை நீட்டினார். அதை அன்று திருப்பிக் கொடுக்க மறந்து விட்டேன். மறுநாள் ‘பிரிங்’ பண்ணினேன்.

உங்களுக்கு ஒரு சவால்!

கீழே உள்ள ஐந்து வாக்கியங்களிலும் வினைச்சொல் தப்பு. விடையைக் கையால் மறைத்துக் கொண்டு, ஒவ்வொன்றையும் சரி செய்யுங்கள் பார்க்கலாம்.

1. ப்ளீஸ் பாரோ மீ யுவர் சைக்கிள்.
2. தி ஹென் லே டூ எக்ஸ் எஸ்டர்டே.
3. தி சன் ரெய்ஸஸ் இன் தி ஈஸ்ட்.
4. ஐ லெய்ட் ஆன் தி மேட் அண்ட் ஸ்லெப்ட்.
5. சே மீ யுவர் நேம்.

விடைகள்: 1. லெண்ட் 2. லெய்ட் 3. ரைஸஸ் 4. லே 5. டெல்

இரண்டாவதையும் நான்காவதையும் சரியாகச் சொன்னவர்கள், வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த பெரியவர்களிடம் இதே இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் யோசிக்கும்போது சிரிக்கக் கூடாது, சொல்லி விட்டேன்!